கட்டம் காலியா இருந்துச்சு

பாத்து தம்பி, பாத்து. அதுல கால் பட்டா கம்பி வளைஞ்சிரும். இல்ல இல்ல, நீங்க உக்காருங்க, நான் மடியில வெச்சுக்கிறேன். கைக்குழந்தைக்குப் போடுற கொசுவலை. குடை மாதிரி விரியும், மடக்குனா இம்புட்டுத்தான். ஆரப்பாளையம் வர்றதுக்குள்ள ஆட்டோவுலயே ஒரு தடவை நசுங்கிருச்சு.

ஜன்னல் ஓரம் வேணுமா? வேணாமா? சரி.

உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. நேத்து சாயங்காலம் எங்க தெரு முக்கு டீக்கடையில நின்னீங்களோ? இல்லையா? அப்ப ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பீங்க. நான் வேலை பாக்கிற ஆஸ்பத்திரிக்கு மதுரையில பாதிப் பேரு வந்தவங்கதான். அதனால எனக்கு எந்த முகத்தைப் பாத்தாலும் பழகுன முகமாத்தான் தெரியும்.

கண்டக்டர் தம்பி, போடி ஒண்ணு குடுங்க. முன்னாடி ஸ்டேஜ்ல எல்லாம் நிறுத்தாமப் போகுமா? சரி சரி. தம்பி, உங்களுக்கு எங்க? உங்களுக்கும் போடிதானா! அடடா, நல்லதாப் போச்சு. நான் வாங்குற வரைக்கும் சும்மா இருந்தீங்களே, தேனின்னு நினைச்சேன். வாங்க, ரெண்டரை மணி நேரம் ஒருத்தருக்கு ஒருத்தர் துணை.

யாரு குழந்தைக்கா? சொந்தம்னு சொல்ல முடியாது. சொந்தத்துக்கு மேலன்னு வெச்சுக்கங்க. எங்க ஆஸ்பத்திரியில வேலை பாத்த பிள்ளை ஒண்ணு. அதுக்குப் பிறந்த குழந்தை. நாலு மாசம் ஆச்சு. நான் இன்னும் பாக்கல. போட்டோ கூடப் பாக்கல. போட்டோ அனுப்பாது அந்தப் பிள்ளை. அம்புட்டுப் பயம்.

பேரு மட்டும் கேக்காதீங்க தம்பி. தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்தப் பிள்ளை பேரை நான் வெளிய எங்கயும் சொல்றது கிடையாது. ஊர் பேரும் சொல்ல மாட்டேன். இருபத்திரெண்டு வருஷம் ஆறு கிளை ஆஸ்பத்திரியோட ரகசியம் பூராம் கையில வெச்சிருந்தவன் நான். எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த எனக்குத்தான், தம்பி, கவனமில்லாதவன்னு பட்டம் கட்டி, அண்டர்கிரவுண்டுல கொண்டுபோய் உக்கார வெச்சிருக்காங்க. இப்ப என் வேலை என்ன தெரியுமா? பிரிண்டருக்கு மை மாத்துறது. வார்டு வார்டாப் போயி, "சிஸ்டர், மை தீந்துருச்சா?" இதுதான் பாக்கியநாதனோட உத்தியோகம்.

வயிறு எரியுது தம்பி. சொன்னா உங்களுக்கே எரியும்.

நான் டேட்டாபேஸ் பாத்துக்கிட்டிருந்தேன். டேட்டாபேஸ்னா பெரிய அலமாரின்னு வெச்சுக்கங்க. ஆறு கிளைக்கும் சேர்த்து ஒரே அலமாரி. யாரு என்னைக்கு வந்தா, என்ன சீக்கு, எந்த வீடு, எல்லாம் உள்ள இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் டேபிள்னு பேரு. எந்தத் தட்டை யாரு பாக்கலாம், யாரு பாக்கக் கூடாதுன்னு பூட்டுப் போடுறது என் வேலை. டாக்டருக்கு ஒரு சாவி, லேபுக்கு ஒரு சாவி. சாவி இல்லாதவன் தலைகீழா நின்னாலும் பாக்க முடியாது.

அந்தப் பிள்ளை ரெக்கார்டு ரூம்ல இருந்துச்சு. பழைய ஃபைல் எல்லாம் எடுத்து அடுக்குற இடம், என் ரூமுக்கு எதிர்த்தாப்புல. கல்யாணம் ஆகி ஒரு வருஷம். வீட்டுக்குத் தெரியாமக் கட்டிக்கிச்சு, வேற சாதி. அவரு வாஷிங்மெஷின் ரிப்பேர் பாக்கிறவரு. தங்கமான மனுசன். பிள்ளையோட வீட்டாளுங்க மானாமதுரைப் பக்கம். அவங்க, இதுக ரெண்டும் கோயம்புத்தூர்ல இருக்குன்னு நினைச்சு அங்கிட்டுத் தேடிக்கிட்டிருந்தாங்க. அப்பாகூட அழுதுட்டு விட்டுட்டாராம். அண்ணன்காரன்தான் விடல. ஒரே அண்ணன். தூக்கி வளர்த்தவனாம். தூக்கி வளர்த்தவனுக்குத்தான் தம்பி கோவம் ஜாஸ்தி, இல்லையா?

ஆமா. நீங்களும் தலையாட்டுறீங்க. தங்கச்சி இருக்கா உங்களுக்கு? ம்.

போன வருஷம் ஆனி மாசம் அந்தப் பிள்ளை உண்டாயிருச்சு. எங்க ஆஸ்பத்திரியிலயே பிரசவ டாக்டரம்மாகிட்ட காட்டுச்சு. காட்டுனா கார்டு போடணும். கார்டுல வீட்டு விலாசம் எழுதணும். இது எழுதாம விட்டுருச்சு. கம்ப்யூட்டர் ஏத்துக்கல. நேரா என்கிட்ட வந்துருச்சு. "சார், விலாசத்தை மட்டும் காலியா விட்டுக்கலாமா சார்? மானாமதுரைக் கிளையிலயும் இதே கம்ப்யூட்டர்தானே சார்?"

நான் சொன்னேன், "காலியா விட முடியாதும்மா. விலாசம் கட்டாயம்னு வெச்சதே நான்தான். ஆளுக்கு ஆள் காலியா விட்டா நாளைக்கு ஒரு அவசரம்னா எங்க போயித் தேடுறது? நீ எழுது. நான் பூட்டுறேன்."

எழுதுச்சு. என் முன்னாடிதான் எழுதுச்சு. ஒத்தக்கடைப் பக்கம் வீடு. அன்னிக்கே நான் அந்தத் தட்டைப் பூட்டுனேன் தம்பி, சும்மா சொல்லல. ஆறு கிளையில ஒரு ஆளு நேராப் போயி விலாசத்தைப் பாக்க முடியாது. இன்னிக்குப் போயிப் பாத்தாலும் அந்தப் பூட்டு அப்படியே இருக்கும். விசாரணையில அவங்களே ஒத்துக்கிட்டாங்க, "டேபிள் பூட்டு சரியாத்தான் இருக்கு"ன்னு. அதை ஏன் பேப்பர்ல எழுத மாட்டேங்கிறாங்க?

தண்ணியா? குடுங்க. செக்கானூரணி தாண்டிட்டோமா? பேச்சுல நேரம் போறதே தெரியல.

எங்க விட்டேன்? ஆங், பூட்டு. பூட்டுனேன். ஆனா அந்தப் பிள்ளை அதோட விடல. ரெக்கார்டு ரூம் புத்தி. எதையும் ரெண்டு தடவை பாக்கும். மறுநாள் வந்து, "சார், யாரு யாரு பாக்கலாம்னு பட்டியல் இருக்குமே, நான் ஒரு தடவை பாத்துக்கவா சார்?"ன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இருந்தாலும் பிள்ளைத்தாச்சி, பயந்து போயிருக்கு. பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வெச்சு, பட்டியலை எடுத்துக் காட்டுனேன்.

டேபிள் பட்டியல் பாத்துச்சு. சரியா இருந்துச்சு. அப்புறம் கீழ ஃபங்ஷன் பட்டியல்.

ஃபங்ஷன்னா காதுகுத்து கல்யாணம் இல்ல தம்பி. அலமாரிக்கு முன்னாடி ஒரு ஜன்னல் போட்டு ஒரு ஆளை உக்கார வெச்ச மாதிரி. நீங்க உள்ள போக வேணாம். பேரும் பிறந்த தேதியும் எழுதிச் சீட்டு நீட்டுனா, அந்த ஆளு உள்ள போயிப் பாத்துட்டு வந்து விலாசத்தைச் சொல்லுவான். சர்க்கரைக்காரங்க வீட்டுக்குப் போயி ரத்தம் எடுக்கிறாங்கல்ல, அவங்களுக்காக நானே எழுதுனது. அவங்ககிட்ட அலமாரிச் சாவி இருக்காது. அதனால அந்த ஜன்னல்காரனுக்கு என் சாவியைக் குடுத்து வெச்சிருந்தேன். சீட்டு யாரு நீட்டுனாலும், உள்ள போறப்ப அவன் என் பேருலதான் போவான். என் குரலைக் கேட்டா அலமாரி தானாத் திறக்கும். அப்படி ஒரு ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான் தம்பி, எல்லா ஊர்லயும் செய்யிறதுதான்.

அப்ப அந்த ஜன்னல்ல யாரு யாரு சீட்டு நீட்டலாம்? அதுக்குத்தான் அந்தப் பட்டியல். ஃபங்ஷன் பேரு இருக்கும், நேரா ஒரு கட்டம் இருக்கும், அதுல அனுமதி உள்ளவங்க பேரு இருக்கும். நான் அந்தக் கட்டத்துல விரலை வெச்சுக் காட்டுனேன். காலி. சுத்தமாக் காலி. ஒரு எழுத்துக் கிடையாது.

"பாத்துக்கோ"ன்னேன். "காலியா இருக்கு. ஒருத்தருக்கும் அனுமதி கிடையாது. போதுமா?"

அது திரையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் கேட்டுச்சு, "சார், காலின்னா யாருக்கும் இல்லைன்னு அர்த்தமா, எல்லாருக்கும் உண்டுன்னு அர்த்தமா?"

நான் சிரிச்சுட்டேன் தம்பி. நீங்களா இருந்தாலும் சிரிப்பீங்க.

அது சிரிக்கல. "இல்ல சார், எங்க ஃபைல்ல அலர்ஜின்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா அலர்ஜி இல்லைன்னு எடுத்துக்கக் கூடாதாம். யாரும் இன்னும் கேக்கலைன்னுதான் எடுத்துக்கணுமாம். மறுபடி ஆளைக் கேட்டு எழுதணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க சார்."

"அது பேப்பரும்மா, இது டேட்டாபேஸ். இருபத்திரெண்டு வருஷமாப் பாக்கிறேன். போயி வேலையைப் பாரு. நல்லாத் தூங்கு. பிள்ளை வயித்துல இருக்கு"ன்னேன்.

போயிருச்சு. வாசல்ல நின்னு ஒரு தடவை திரும்பித் திரையைப் பாத்துச்சு. அது மட்டும் எனக்கு அப்பப்ப ஞாபகம் வரும்.

இப்ப நியாயத்தை நீங்க சொல்லுங்க. டேபிளுக்கு நேரா கட்டம் காலின்னா, அதை உருவாக்குனவனைத் தவிர யாருக்கும் கிடையாதுன்னு அர்த்தம். நான் அதைத்தானே காலம் பூராம் பாத்துப் பழகுனவன்? ஆனா ஃபங்ஷனுக்கு நேரா கட்டம் காலின்னா, ஊருக்கே உண்டுன்னு அர்த்தமாம்! யாரும் இன்னும் கை வெக்கலைன்னு அர்த்தமாம். கை வெக்கலைன்னா பிறக்கும்போதே இருந்த மாதிரி, எல்லாருக்கும் திறந்தே கிடக்குமாம். ஒரே பட்டியல், ஒரே கட்டம், ஒரே காலி. மேல ஒரு அர்த்தம், கீழ ஒரு அர்த்தம். இதை எழுதி வெச்சவனை விட்டுட்டு என்னைப் பிடிச்சா எப்படி? சொல்லுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க தம்பி.

சரி, நீங்க பேசாத ஆளு. பேசாத ஆளுங்களைத்தான் நம்பலாம். பேசுறவனெல்லாம் எனக்கு எதிராத்தான் பேசுனான்.

ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில பதினொண்ணு பன்னெண்டுக்கு மானாமதுரைக் கிளையில இருந்து அந்த ஜன்னல்ல ஒரு சீட்டு நீட்டியிருக்காங்க. லேப் ரிப்போர்ட் எடுத்துக் குடுக்கிற ஆளு. அண்ணன்காரன் கூடப் படிச்சவனாம். அவனுக்கு விலாசம் பாக்க அனுமதியே கிடையாது. எந்தச் சாவியும் கிடையாது. பேரு, பிறந்த தேதி. தூக்கி வளர்த்த அண்ணனுக்குத் தங்கச்சி பிறந்த தேதி தெரியாதா? ஒரு நொடியில என் ஜன்னல்காரன் உள்ள போயி, என் பேரைச் சொல்லி, விலாசத்தை எடுத்துக் குடுத்துட்டான். கார்டு எந்த டாக்டரம்மாவோடதுங்கிறதும் சேர்ந்து வந்திருக்கு. அதுல இருந்து, தங்கச்சி உண்டாயிருக்குன்னு அண்ணன்காரன் தெரிஞ்சுக்கிட்டான்.

வியாழக்கிழமை நாலு பேரு போயிருக்கானுங்க. பிள்ளை ஆஸ்பத்திரியில வேலையில இருந்துச்சு. அது புருசனுக்குக் காய்ச்சல், வீட்டுல படுத்திருந்தாரு. "அவ எங்கடா?"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சிருக்கானுங்க. வலது கை ரெண்டு இடத்துல போச்சு. இன்னிக்கு வரைக்கும் அவரால ஒரு திருப்புளி பிடிச்சுத் திருக முடியாது. வீட்டுக்கார அம்மா மொட்டை மாடியில நின்னு கத்துன கத்துல தெரு கூடிருச்சு, ஓடிட்டானுங்க. ஓடுறதுக்கு முன்னாடி அண்ணன்காரன் குனிஞ்சு அவரு காதுல சொன்னானாம், "மூணு பேரையும் சேர்த்து முடிக்காம விட மாட்டேன்"னு.

மூணு பேரு. கவனிச்சீங்களா? அப்ப மூணாம் மாசம்கூட முழுசா முடியல. வயிறு தெரியாது. அவங்க ரெண்டு பேரு, டாக்டரம்மா, நான், அந்தக் கார்டு. இவ்வளவு பேருக்குத்தான் தெரியும். அதை வெச்சுத்தான் அந்தப் பிள்ளை கண்டுபிடிச்சிருச்சு, விலாசம் எங்கிட்டு இருந்து போச்சுன்னு. அழுகல. நேரா என் ரூமுக்கு வந்து, வாசல்ல நின்னு, "சார், அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை பாப்பமா சார்?"ன்னுச்சு.

எனக்குக் கோவம் வந்துருச்சு தம்பி. ஆமா, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன. "என்னையச் சந்தேகப்படுறியா?"ன்னு சத்தம் போட்டேன்.

அப்புறம் விசாரணை. சென்னையில இருந்து ஹேமலதான்னு ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. முப்பது வயசு இருந்தா ஜாஸ்தி. நான் பட்டியலைக் காட்டுனேன். அந்தம்மா பட்டியலையே பாக்கல. ஒரே ஒரு வரி அடிச்சாங்க. மானாமதுரை லேப் ஆளு பேரைப் போட்டு, இந்த ஆளு இந்த ஃபங்ஷனை ஓட்டலாமான்னு டேட்டாபேஸையே நேராக் கேட்டாங்க. 'ஆமா'ன்னு வந்துச்சு. வாட்ச்மேன் பேரைப் போட்டுக் கேட்டாங்க. 'ஆமா'. வேலையை விட்டுப் போயி மூணு வருஷமான ஒருத்தன், அவன் பேரு இன்னும் எடுக்காமக் கிடந்துச்சு. அவனுக்கும் 'ஆமா'.

"நீங்க கட்டத்தைப் பாத்தீங்க சார். ஆளைக் கேக்கல"ன்னாங்க. எல்லாரு முன்னாடியும். எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் பொண்ணு வயசு.

இன்னொரு வரி அடிச்சா, எல்லாருக்கும் உள்ள அனுமதியைப் பிடுங்கிரலாம். நிமிஷ வேலை. அடிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்ப அந்தக் கட்டம் காலி இல்ல, பேரு பேரா எழுதியிருக்கு. அதான் சொல்றேன், நிமிஷ வேலைக்கு ஒரு மனுசனை அண்டர்கிரவுண்டுக்கு அனுப்பலாமா?

உசிலம்பட்டி. பத்து நிமிஷம் நிக்குமாம். டீ குடிக்கிறீங்களா? வேணாமா? நீங்க இறங்கலைன்னா நானும் இறங்கல. வலையை விட்டுட்டுப் போக முடியாது.

அண்ணன்காரனை நான் பாத்ததில்ல தம்பி. பேப்பர்ல போட்டோ போட்டான், நாலு பேரும் துண்டை வெச்சு முகத்தை மூடிக்கிட்டிருந்தானுங்க. கோர்ட்டுப் பக்கம் நான் போகல, நிர்வாகம் போகக் கூடாதுன்னுருச்சு. சித்திரையில ஜாமீன்ல வந்துட்டான்னு கேள்விப்பட்டேன். கையெழுத்துப் போடுறான், போறானாம். ஒரு வார்த்தை பேசுறதில்லையாம். முன்னாடி குதிச்சானே, வெட்டுவேன் குத்துவேன்னு, அதெல்லாம் போச்சு. அடங்கிட்டான். அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "சத்தம் இல்லைன்னா அடங்கிட்டான்னு நினைக்காதீங்க சார். சத்தம் இல்லைன்னா நமக்குத் தெரியலைன்னுதான் அர்த்தம்." இப்படித்தான் தம்பி, எல்லாத்தையும் சந்தேகம். இப்படி இருந்தா எப்படி வாழுறது?

அவங்களை யாரு ஒளிச்சு வெச்சதா? நான்தான்! வேற யாரு செய்வா? ஆஸ்பத்திரி கை கழுவிருச்சு. எனக்கு மனசு கேக்கல. தப்புப் பண்ணுனதால இல்ல, தப்பு என் மேல இல்லைன்னுதான் சொல்லிட்டேனே. ஒரு மனிதாபிமானம். என் சகலை ஒருத்தரு இந்தப் பக்கம் சின்னதா கிளினிக் வெச்சிருக்காரு. அவருகிட்டப் பேசி, பிள்ளைக்கு அங்க சீட்டு எழுதுற வேலை. அது புருசனுக்குக் கை ஆகாதுல்ல, செல்போன் ரீசார்ஜ் கடையில உக்காந்திருக்காரு. வீடு பிடிச்சுக் குடுத்தது நான். எந்தக் கம்ப்யூட்டர்லயும் அந்த விலாசம் கிடையாது தம்பி. எந்தப் பேப்பர்லயும் கிடையாது. அதுல நான் உறுதியா இருந்தேன். கேஸ் சிலிண்டர்கூட சகலை பேருலதான். அந்த விலாசம் நாலு தலைக்குள்ள மட்டும் இருக்கு. அவங்க ரெண்டு பேரு, சகலை, நான்.

பூட்டுன்னா அதுதான் பூட்டு.

வர வேணாம்னுதான் சொல்லுச்சு. "சார், நீங்க வந்தா உங்க பின்னாடி யாராவது வந்துருவாங்க சார்"னு. என் பின்னாடி யாரு வரப் போறா? ஆனாலும் நான் கவனமாத்தான் வந்தேன். ஆட்டோவுல திரும்பித் திரும்பிப் பாத்தேன். பஸ்ல ஏறி உக்காந்து கதவையே பாத்துக்கிட்டிருந்தேன். உங்களைத் தவிர எனக்குப் பின்னாடி ஒருத்தரும் ஏறல. சொல்லாமத்தான் போறேன். சொன்னா வேணாம்னு சொல்லும். போயி நின்னா சந்தோசப்படும். நாலு மாசக் குழந்தையைப் பாக்காம இருக்க நான் என்ன கல்லா?

ஆண்டிபட்டிக் கணவாய். காத்து எப்படி வருது பாருங்க. நீங்க கண்ணை மூடிக்கங்க, தூக்கம் வந்தா. எனக்குப் பேசணும் போல இருந்துச்சு, பேசிட்டேன். பத்து மாசமா ஒருத்தன் என்கிட்ட நின்னு கேக்கல. வீட்டுல ஆரம்பிச்சாலே அவ, "மறுபடியுமா?"ன்னு எந்திரிச்சுப் போயிருவா. நீங்க ஒரு இடத்துல கூட குறுக்க பேசல. பெரிய விசயம் தம்பி.

தூங்கலையா? நானும் தூங்கல.

வீடா? வீடு நல்ல வீடு. தெருப் பேரு சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே போயிரலாம். பெரிய ஏலக்காய் குடோன் ஒண்ணு இருக்கு, அதை ஒட்டி ஒரு சந்து. சந்து முழுக்க ஏலக்காய் மணந்துக்கிட்டே இருக்கும். கடைசியில பச்சைக் கேட்டு, மாடி வீடு. கீழ குடோன் சாமான்தான், ஆள் கிடையாது. அதுதான் எனக்குப் பிடிச்சுப் போச்சு. அக்கம்பக்கத்துத் தொந்தரவே இல்ல. ஒத்தக்கடை வீட்டுல வீட்டுக்கார அம்மா, பக்கத்து வீடு, எதிர் வீடு, எல்லாரும் எட்டி எட்டிப் பாப்பாங்க. இங்க கத்துனாக்கூட ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. நிம்மதி.

தேனி வந்துருச்சு. இன்னும் அரை மணி நேரம். நீங்க யாருக்குப் போன் பேசுனீங்க? நண்பரா? அவரும் போடிக்கு வர்றாரா? பைக்லயா? பரவால்ல, பஸ்சை விட அவரு சீக்கிரம் வந்துருவாரு. இந்த டிரைவர் மாடு ஓட்டுற மாதிரி ஓட்டுறான்.

பாருங்க, இம்புட்டு நேரம் நானே பேசிட்டேன். உங்க பேரு என்ன, என்ன தொழில், போடியில யாரைப் பாக்கப் போறீங்க, ஒண்ணுமே நான் கேக்கல. நீங்களும் சொல்லல. இருக்கட்டும். ஆளைப் பாத்தாத் தெரியாதா? இருபத்திரெண்டு வருஷம் மனுசங்களோட பழகுனவன் நான்.

என்ன கேட்டீங்க? சத்தத்துல கேக்கல. அழகுமீனா இந்நேரம் வீட்டுல தனியா இருக்குமான்னா? ஆமா, தனியாத்தான். அவரு ஒன்பதரைக்கே கடைக்குப் போயிருவாரு, மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் சாப்பிட வருவாரு. பேறுகால லீவு, அதனால கிளினிக்குக்கும் போறதில்ல. அதுவும் குழந்தையும்தான்.

பேரை நான் சொல்லிட்டேனா?

பாருங்க. சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். எந்த இடத்துல சொன்னேன்னு தெரியல, பேச்சு வாக்குல வந்து விழுந்துருச்சு போல. அம்பத்தி நாலு வயசாச்சுல்ல. சரி, உங்ககிட்டத்தானே. வேற யாருகிட்டயும் வாய் விட்டிருந்தாத்தான் தப்பு.

வந்துருச்சு, வந்துருச்சு. இறங்குவோம். குடுங்க வலையை. நீங்களே எடுத்துக்கிறீங்களா? எதுக்குத் தம்பி உங்களுக்குச் சிரமம்? நல்ல மனசு உங்களுக்கு. அப்படின்னா ஒண்ணு செய்வோம், நீங்களும் வந்து குழந்தையை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க. இம்புட்டுக் கதை கேட்டீங்க, குழந்தை முகத்தைப் பாக்காமப் போனா எப்படி? உங்க நண்பர் வந்து நிக்கிறாரு பாருங்க, அந்தா, ஹெல்மெட் போட்டுக்கிட்டு. அவரையும் கூப்பிடுங்க. சும்மா வரட்டும். என் கூட வந்தவங்கன்னு சொல்லிக்கிறேன்.

நீங்களாப் போயித் தட்டுனா திறக்காது. சகலை தட்டுனாலே ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் திறக்கும். யாரு பேரைச் சொன்னாலும் திறக்காது. நான் கீழ நின்னு, "பாக்கியம் சார் வந்திருக்கேம்மா"ன்னு குரல் குடுக்கணும். அந்த ஒரு குரலுக்குத்தான் திறக்கும். அது நாங்க பேசி வெச்சது. அப்புறம் எட்டிக்கூடப் பாக்காது, தாழ்ப்பாளை எடுத்துரும்.

இந்தா, மணம் வருதா? அந்தச் சந்துதான். மாடிப்படி கொஞ்சம் செங்குத்தா இருக்கும், இருட்டு வேற. நான் முன்னாடி போறேன், நீங்க ரெண்டு பேரும் பின்னாடியே வாங்க. பாத்து தம்பி, பாத்து.